ஏழாம் நாள் கருவும் பிறக்கப்போகும் கன்றும்

2010 ஆகஸ்டில், ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் கரிமா-2 என்ற எருமைக் கன்று பிறந்தது. கரு ஸ்டெம் செல்லை (உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறவல்ல கருச்செல்லை) கொண்டு குளோனிங் முறையில் உருவான கன்று அது. ஆனால் பசுவின் கரு ஸ்டெம் செல்களைச் சிதையாமல் தொடர்ந்து வளர்க்கும் வழி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2018இல்தான் கைகூடியது. எலியில் 1981லேயே முடிந்த வேலை.

மாட்டுக் கருவிலிருந்து இப்படி ஸ்டெம் செல் எடுத்து வளர்ப்பதில் தவறு ஏதும் இருந்தால் அது எங்கே இருக்கிறது? கருவை அழிப்பதில் என்று சட்டெனச் சொல்லத் தோன்றும். ஆனால் நடப்பதைப் பார்க்க வேண்டும். இறைச்சிக்கூடத்தில் அறுபட்ட மாட்டின் சினைப்பையை வெதுவெதுப்பான உப்புநீரில் எடுத்து வருகிறார்கள். ஊசியால் சினைமுட்டைகளை உறிஞ்சி, தட்டில் முதிர வைத்து, விந்து சேர்க்கிறார்கள். ஏழாம் எட்டாம் நாளில் குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு கோளம் கிடைக்கும். அதன் உள்ளே இருக்கும் செல்திரளைத்தான் ஸ்டெம் செல்களாக வளர்க்கிறார்கள். அந்தக் கோளத்துக்கு நரம்பு கிடையாது, வலி கிடையாது. மனிதக் கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பிரிட்டன் 1990இல் சட்டம் போட்டது. மாட்டுக் கருவுக்கு அப்படியொரு சட்டம் இல்லாதது பெரிய அநீதி என்று சொல்வதற்கில்லை.

செல்லுக்குப் போடும் தீனியில் மனம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. செல் வளர்ப்பில் பல ஆய்வகங்கள் இன்னும் நம்பியிருக்கும் சீரம், சினைமாட்டை அறுக்கும்போது வயிற்றிலுள்ள கன்றின் இதயத்தில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்திலிருந்து வருவது. இதற்கு மாற்று ஊடகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பணமும் அக்கறையும் இருந்தால் தீரும் குறை இது.

தீராத கேள்வி வேறு. இந்தச் செல்களிலிருந்து முட்டையும் விந்தும் உண்டாக்கிவிட்டால் (எலியில் ஸ்டெம் செல்லிலிருந்து முட்டை உண்டாக்கி, 2012இல் குட்டியே பிறந்துவிட்டது) தட்டிலேயே தலைமுறை தலைமுறையாக இனவிருத்தி செய்யலாம். மரபணுவைப் படித்து, பால் கூடும் கருவை மட்டும் தேர்ந்து, அதன் செல்லிலிருந்து அடுத்த கரு. பத்தாண்டு வேலை ஓரிரு ஆண்டில் முடியும். ஆனால் அத்தனை தலைமுறையில் ஒரு மாடுகூட நின்றிருக்காது, நடந்திருக்காது, கன்று ஈன்றிருக்காது. பாலை மட்டுமே குறிவைத்துத் தேர்ந்ததன் விலையை ஹோல்ஸ்டீன் இனக் கறவை மாடுகளிடம் ஏற்கெனவே பார்த்தாயிற்று: மடிநோய், கால் நொண்டல், சினை பிடிக்காமை. அதையும் நாம் தெரிந்துகொண்டது மாடுகள் நோயில் விழுந்த பிறகுதான். நடுவில் வாழ்ந்து காட்ட ஒரு மாடும் இல்லாவிட்டால், சேர்ந்த பிழை அத்தனையும் கடைசியில் பிறக்கும் கன்றின் உடம்பில் மொத்தமாக இறங்கும். அந்தக் கன்றுக்கு நரம்பு உண்டு.

ஆகவே எல்லை போடுவதானால் கருவின் நாள்களுக்கு அல்ல, தட்டில் கடக்கும் தலைமுறைகளுக்குப் போட வேண்டும். இரண்டு தலைமுறைக்கு ஒருமுறையாவது சில கன்றுகள் பிறந்து, வளர்ந்து, ஈன்று, கறக்கப்பட்டு, கால்நடை மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த தேர்வு. இப்படிச் செய்தால் வேகம் என்ற லாபமே போய்விடும் என்பார்கள் இனவிருத்தி நிறுவனத்தார். போகும், பெரும்பகுதி போகும்.