உரையும் பயனும்

"உரை" என்னும் சொல்லுக்குத் தமிழிலே பல பொருள்கள் உண்டு. சொல், பேச்சு, புகழ் என்பன அவற்றுட் சில. பொன்னைக் கல்லிலே உரைத்து மாற்றுக் காண்பதும் உரையே. நூலுக்கு எழுதப்படும் உரையும் அத்தகையதுதான். செய்யுளினுள்ளே மறைந்து நிற்கும் பொருளின் மாற்றை அது வெளிப்படுத்துகின்றது.

நன்னூலார் உரைக்குப் பதினான்கு உறுப்புக்களைக் கூறி, அதனைக் காண்டிகை, விருத்தி என இரண்டாக வகுத்தார். சுருங்கச் சொல்வது காண்டிகை. விரித்து ஆராய்வது விருத்தி. சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுக்கும் சிவஞான முனிவர் சிற்றுரையும் எழுதினார். மாபாடியம் என்னும் பேருரையும் எழுதினார். ஒரே நூலுக்கு ஒருவரே இரண்டு உரை செய்தது ஏன்? கற்போரின் பக்குவம் ஒன்றல்லவே.

நல்ல உரை எது என்பதற்கு இறையனார் களவியல் உரை வரலாறு சான்றாகும். இறைவன் அருளிய அறுபது சூத்திரங்களுக்குப் புலவர் பலரும் உரை கண்டனர். எது மெய்யுரை என்று தீர்ப்பதற்கு அமர்த்தப்பட்டவர் பேரறிஞர் அல்லர். உருத்திரசன்மன் என்னும் வாய்பேசாத பாலகன். நக்கீரர் உரையைக் கேட்டபோது பதந்தோறும் அப்பாலகன் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். அதுவே மெய்யுரை எனப்பட்டது. உரையின் அளவுகோல் சொல்பவரின் புலமையன்று. கேட்பவரின் உருக்கமே என்பதை இதனால் உணரலாம்.

ஈழத்துச் சைவாலயங்களிலே நடைபெறும் புராண படனத்தில் ஒருவர் செய்யுளை இராகத்துடன் வாசிப்பார். மற்றவர் அதற்குப் பொருள் விரிப்பார். இதனை எம்மவர் "பயன் சொல்லுதல்" என அழகாக வழங்கினர். நன்னூலார் கூறிய பதினான்கு உறுப்புக்களுள் பயனும் ஒன்று. எழுத்தறியாத மூதாட்டியரும் கந்தபுராணக் கதையையும் திருவாதவூரடிகள் வரலாற்றையும் அறிந்திருந்தமை இப்பயனாலேயாம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்வைக் "கந்தபுராண கலாசாரம்" என்றமையும் இதுபற்றியே. அவர்கள் தட்சகாண்டத்துக்கு உரையும் கண்டார்கள்.

இன்று சில ஆலயங்களிலே வாசிப்பு ஒலிபெருக்கியிற் கேட்கின்றது. பயன் சொல்லத்தான் ஆளில்லை. பொருள் விளங்காத பிள்ளைகள் வீதியிலே விளையாடப் போய்விடுகின்றனர். இது பிள்ளைகளின் குற்றமன்று. படித்த இளைஞர் இருவரேனும் பெரியோரின் பக்கத்திலிருந்து பயன் சொல்லப் பழகுவாராயின் இம்மரபு நிலைக்கும்.

கேட்போருக்கும் ஒரு கடமை உண்டு. செருக்குற்ற சூரபன்மன் ஈற்றில் மயிலும் சேவலுமாகி முருகன் திருவடியை அடைந்தான் எனப் பயன் கேட்டுக் கண்ணீர் விட்டவர், வீடு சென்றபின் எல்லை வேலிக்காகச் சகோதரனோடு பேசாதிருந்தால் அந்தப் பயனால் ஆய பயன் என்ன? ஏட்டிலுள்ளது மூலம், பெரியோர் சொல்வது உரை, அடியவர் வாழ்ந்து காட்டுவதே பயன்.

அத்தகைய பயன் ஊரெங்கும் பெருக எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.