உடம்பை மறப்பதற்கும் உடம்பு வேண்டும்

1896ஆம் ஆண்டு ஜூலை மாத நடுவில், மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீட்டு மாடி அறையில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் செத்துப் பார்த்தான். பெயர் வெங்கடராமன். திருச்சுழியில் பிறந்தவன். அப்பா இறந்தபின் சித்தப்பா சுப்பையர் வீட்டில் தங்கி அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கால்பந்து ஆடுகிற, குஸ்தி போடுகிற உடம்பு. எங்கிருந்தோ சாவு பயம் வந்து பிடித்துக்கொண்டது. யாரையும் கூப்பிடவில்லை. கைகால்களை விறைப்பாக நீட்டிப் படுத்தான். மூச்சை அடக்கினான், உதடுகளை இறுக மூடிக்கொண்டான். இந்த உடம்பு செத்துவிட்டது, தூக்கிப்போய் எரித்துவிடுவார்கள், அதோடு நானும் போய்விடுவேனா என்று உள்ளுக்குள் கேட்டுப் பார்த்தான். போகமாட்டேன் என்று விடை வந்தது. ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். உலகம் பிற்பாடு அவரை ரமண மகரிஷி என்றது. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வீடு இன்று ரமண மந்திரம்.

அவருக்குக் கிடைத்த விடையைப் பற்றி நூற்றுக்கணக்கில் புத்தகங்கள் வந்துவிட்டன. சோதனை நடந்த விதத்தைப் பற்றி அதிகம் பேச்சில்லை. பிணம்போல விறைத்துக் கிடப்பது பிணத்தால் ஆகிற காரியமா? நீட்டிய கை வளையாமல் நிற்க வேண்டுமானால் மேல்கையின் முன்தசையும் பின்தசையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்க வேண்டும். எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று தசைக்குள் இருக்கும் தசைக்கதிர்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தசைநாண்கள் பளுவின் கணக்கைச் சொல்லும். முதுகுத்தோல் தரையின் அழுத்தத்தைச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தன் கால் நேராகத்தான் நீண்டிருக்கிறது என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கும். உடம்பு செத்தது என்று அவன் முடிவுகட்டிய அந்த நிமிஷத்தில் அவனுடைய நரம்புகள் வழக்கத்தைவிட மும்முரமாக வேலை பார்த்தன.

கண் உதவியில்லாமல் கைகால் இருக்கும் இடத்தை அறியும் இந்த நிலையுணர்வுப் புலனுக்கு 1906இல் தனிப்பெயர் கொடுத்தவர் ஆங்கில உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன். நம் ஐம்புலன் கணக்கில் இதற்கென்று தனி வரிசை இல்லை. தொடுவுணர்வோடு சேர்த்தே எண்ணிவிடுகிறோம். நரம்பின் வழியைப் பார்த்தால் அப்படிச் சேர்த்ததில் பெரிய தவறும் இல்லை. இரண்டும் தடித்த இழைகளில், முதுகுத் தண்டுவடத்தின் பின்பக்கமாக, ஒரே பாட்டையில் ஏறுகின்றன. கால் பெருவிரலில் தொட்ட சேதியை வாங்கும் நரம்பணு இடையில் எங்கும் கைமாற்றாமல் மூளையின் அடித்தண்டான முகுளம் வரைக்கும் தானே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உயரமான ஆளுக்கு அந்த ஒற்றை அணுவே ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். முகுளத்தில் அடுத்த அணு அதை வாங்கி எதிர்ப்பக்கம் கடத்துகிறது. பிறகு தலாமஸ், அதன்பின் பெருமூளைப் புறணி. தசையின் சேதி நொடிக்கு 100 மீட்டர் அளவுக்கு ஓடும். மந்தமான வலி, மெல்லிய இழைகளில், நொடிக்கு 1 மீட்டர்தான். நிலைப்படியில் கால் இடித்தால் முதலில் இடித்தது தெரிந்து, 'ஐயோ' என்பதற்குள் ஒரு கணம் இடைவெளி விழுகிறதே, அதற்குக் காரணம் இந்த வேக வித்தியாசம்.

அழுத்தம் எப்படி மின்சேதியாகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2010இல் ஆர்டெம் படபூட்டியன் குழு பீசோ என்ற புரதங்களைக் கண்டுபிடித்தது. உயிரணுவின் சவ்வு அழுந்தினால் திறந்துகொள்ளும் சின்ன வாயில்கள் அவை. அதற்காக 2021இல் டேவிட் ஜூலியஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறவியிலேயே பீசோ-2 வேலை செய்யாதவர்களை 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் அவர்களால் நேராக நடக்கவும் முடியவில்லை, எதிரில் உள்ள பொருளைக் குறிதப்பாமல் எடுக்கவும் முடியவில்லை.

இந்தப் புலன் ஒழுங்காக வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டாம். மதுரைச் சித்திரை வீதிகளில் மல்லிகை கட்டும் பெண்களைப் பார்த்தால் போதும். கண் வாடிக்கையாளர்மேல், வாய் பேரத்தில். விரல் மட்டும் தன்பாட்டுக்கு இரண்டு மொட்டு இப்படி, இரண்டு மொட்டு அப்படி என்று காம்போடு காம்பு சேர்த்து வைத்து, வாழைநாரைச் சுற்றி, ஒரு சுண்டு சுண்டி இறுக்குகிறது. கொஞ்சம் அதிகம் இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், குறைந்தால் பூ உதிர்ந்துவிடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்டால் அந்த அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. அவருக்கு அங்கே கை இருப்பதே ஞாபகம் இல்லை.

அந்த ஞாபகமின்மை போய்விட்டால்? இங்கிலாந்துக்காரர் இயன் வாட்டர்மேனுக்குப் போயிற்று. 1971இல், 19 வயதில், கறிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலை எதிர்த்துக் கிளம்பிய உடம்பின் காவல்படை அவருடைய சொந்த நரம்புகளையே தாக்கி, கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் நிலையுணர்வும் கொண்டுபோகும் தடித்த இழைகளை அழித்துவிட்டது. தசையை அசைக்கும் நரம்புகள் பிழைத்தன, வலியும் சூடும் தெரிந்தன. படுக்கையில் கிடந்தவருக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். ஜொனத்தன் கோல் என்ற நரம்பியல் மருத்துவர் அவரைப் பற்றி 1991இல் ஒரு முழு நூலே எழுதினார். வாட்டர்மேன் ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்து, மனத்தால் திட்டமிட்டு, உட்காரவும் நிற்கவும் நடக்கவும் மறுபடி கற்றார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

சொக்கப்ப நாயக்கன் தெருப் பையன் பாவனையாகச் செய்ததில் பாதியை நோய் இவருக்கு நிஜமாகவே செய்துவிட்டது. இவருடைய 'நான்' போய்விடவில்லை. அந்த அளவில் ரமணருக்கு இது ஒரு சாட்சி. ஆனால் உடம்பு விலகியதால் விடுதலை வந்ததா என்றால், இல்லவே இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை உடம்பைத் தவிர வேறு நினைப்புக்கு இடம் கிடைப்பதே அரிதாயிற்று. உடம்பு நான் அல்ல என்று சொல்லிக்கொண்டு ஒரு மனிதர் நாளெல்லாம் நிமிர்ந்து உட்கார முடிகிறதென்றால், அவர் கேட்காமலே முதுகை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கும் நரம்புகளின் உபயம் அது. துறவிகள் சாப்பாட்டுக்கு இல்லறத்தாருக்கு நன்றி சொன்னார்கள். தசைக்கதிருக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

திருவண்ணாமலைக்குப் போன ரமணர் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்த கதை பலருக்கும் தெரியும். எறும்பும் பூச்சியும் தொடையை அரித்துச் சீழும் ரத்தமும் வடிந்தன. அவருக்குத் தெரியவில்லை. வெளியே தூக்கி வந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. தழும்பு கடைசிவரை இருந்தது. மதுரையிலேயே அவருடைய தூக்கம் பெயர்போனது. கூட்டாளிகள் தூக்கிக்கொண்டுபோய் அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து கிடத்தினாலும் தெரியாதாம்.

அரை நூற்றாண்டு கழித்து, 1946இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்தார். கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர், மிஷனரிகளின் பிள்ளை. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தானாக உதிர்கின்றன என்றே அன்று மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் கவனித்துப் பார்த்தார். கிருமி நரம்பைக் கொன்றுவிட்டது. வலி தெரியாத கையால் நோயாளி அடுப்பில் விழுந்ததை எடுக்கிறார், துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகி விரலைக் கிழித்துக்கொள்கிறார். சிலருக்கு ராத்திரித் தூக்கத்தில் எலி வந்து விரலைக் கடித்துத் தின்றிருந்தது. தூங்கியவர் எழுந்திருக்கவில்லை.

பாதாள லிங்கத்திலும் புண், வேலூரிலும் புண். இரண்டு இடத்திலும் புண்பட்டவருக்குத் தெரியவில்லை. வெளியே இருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் இல்லை. உள்ளே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வேலூரில் சேதி கிளம்பவே இல்லை. திருவண்ணாமலையில் சேதி கிளம்பிப் பாதிவழியில் நின்றிருக்க வேண்டும். மேலிருந்து மூளை அனுப்பும் உத்தரவுகள் தண்டுவடத்தில் வலியின் வாயிலைச் சாத்தவும் திறக்கவும் கூடும் என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் எழுதினார்கள். விவரங்கள் பிற்பாடு திருத்தப்பட்டாலும் மூலக்கருத்து நின்றுவிட்டது. பங்குனியில் மாரியம்மன் கோயில்களில் அலகு குத்திக்கொண்டு ஆடி வருபவருக்கும் இது பொருந்தும். அவருக்கு நரம்பு இருக்கிறது, கவனம் வேறெங்கோ இருக்கிறது.

உடம்புக்கும் 'நானு'க்கும் என்ன உறவு என்ற கேள்வி மதுரைக்கு ரமணரோடு வந்ததல்ல. ஊரைச் சுற்றி மாங்குளத்திலும் அழகர்மலையிலும் யானைமலையிலும் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. மாங்குளத்துத் தமிழி எழுத்துக் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. வெறுங்கல்லில் படுத்த அவர்கள் உயிரைப் பற்றிச் சொன்னது விசித்திரமானது. உயிர் உடம்பு முழுவதும், உடம்பின் அளவுக்கே நிரம்பியிருக்கிறது. யானையில் விரியும், எறும்பில் சுருங்கும். எல்லா உயிருக்கும் பொதுவான முதல் புலன் தொடுவுணர்வு என்பதும் அவர்கள் கணக்கு. தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் தொட்டறியும் ஓரறிவு உயிர்கள் என்றே சொல்கிறது. அத்வைதம் இதற்கு நேரெதிர். உடம்பு தோற்றம், அதை விலக்கிப் பார் என்றது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் வழி வந்த சைவ சித்தாந்தம் நடுவில் நின்றது. புலன்கள் தாமாக எதையும் அறியா, ஆனால் புலன்களும் மனமும் ஆகிய கருவிகளோடு கூடாமல் உயிரும் எதையும் அறியாது என்பது அதன் கட்சி.

மூன்றில் எது நரம்பியலுக்குக் கிட்டத்தில் வருகிறது என்று கேட்டால் சித்தாந்தம் என்றே சொல்ல வேண்டும். வெட்டி எடுத்த கை இன்னும் இருப்பதாகவே உணர்கிறவர்கள் உண்டு; உயிர் உடம்பளவே என்றால் அந்தக் கை எங்கே இருக்கிறது? உடம்பை விலக்கிய பலன் எதுவும் வாட்டர்மேனுக்குக் கிட்டவில்லை. ஒரு கருவி பழுதானதும் கண் என்ற இன்னொரு கருவியைப் பிடித்துக்கொண்டு அவர் கைகாலை ஆண்டார். சித்தாந்தி எதிர்பார்ப்பதும் இதுதான். கருவிக்குப் பின்னால் நிற்பதாகச் சித்தாந்தி சொல்லும் அந்த ஆளை நரம்பியல் இதுவரை பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

மதுரைக்கே உரிய இன்னொரு கதை கேள்வியை மறுபக்கத்திலிருந்து போடுகிறது. வைகையில் வெள்ளம். கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள். பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆளில்லாததால் சிவன் உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாளாக வருகிறார், வேலை செய்யாமல் தூங்குகிறார், அரிமர்த்தன பாண்டியன் பிரம்பால் ஓங்கி அடிக்கிறான். அடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் ஊரார் முதுகிலும், வயிற்றில் இருந்த பிள்ளைமேலும் விழுந்தது. ஆவணி மூலத்தில் ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்பில் இன்றும் இதை நடத்திக் காட்டுகிறார்கள்.

எல்லா முதுகிலும் விழுவது புராணம். இன்னொருவர்மேல் படுவதைப் பார்த்துத் தன் கையில் உணர்கிறவர்கள் நிஜமாகவே உண்டு என்று எழுதியவர் வி.எஸ். ராமச்சந்திரன். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, கலிபோர்னியாவில் இல்லாத கையின் வலிக்கு ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியை வைத்து நிவாரணம் தேடியவர். கை இழந்த சிலர், எதிரில் இருப்பவரின் கையை யாராவது தடவுவதைப் பார்த்தாலே தங்கள் இல்லாத கையில் தடவலை உணர்ந்தார்கள் என்று 2009இல் அவரும் டேவிட் பிராங்கும் எழுதினார்கள். பிறர்மேல் படுவதைப் பார்க்கும்போது நம் மூளையிலும் தொடுவுணர்வுப் பகுதி சற்று அசைகிறது. நம் தோலும் மூட்டும் 'உன்னை யாரும் தொடவில்லை' என்று மறுப்பு அனுப்புவதால் நாம் அதை உணர்வதில்லை. கை போனால் மறுப்பும் போய்விடுகிறது என்பது அவருடைய விளக்கம். பிறர்மேல் நடப்பதைப் பார்த்து இப்படி அசையும் 'கண்ணாடி நரம்பணுக்க'ளைப் பற்றி அவர் சொல்லும் பெரிய பெரிய முடிவுகளை ஒப்பாத அறிஞர்கள் உண்டு. பிறர்மேல் படுவதை நாம் உணர்வது, எல்லாம் ஒன்றே என்னும் அத்வைதத்துக்கு நிரூபணம் என்று மேடையில் முழங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். மறுப்பு அனுப்பும் தோல் இருப்பதால்தான் மருத்துவர் நோயாளியின் புண்ணைக் கை நடுங்காமல் தைக்கிறார்.

நம்மூரில் அந்தத் தோல் பேச்சை நிறுத்துவது பெரும்பாலும் கை வெட்டுப்பட்டதால் அல்ல, சர்க்கரை நோயால். நெடுநாள் சர்க்கரை நீண்ட நரம்புகளை முதலில் கெடுக்கும். அதனால் பாதத்தில்தான் தொடங்கும். முதலில் எரிச்சல், பிறகு பஞ்சில் நடப்பது போன்ற மதமதப்பு, பிறகு ஒன்றும் இல்லை. பிராண்ட் தொழுநோயில் கண்டதையே பிற்காலத்தில் சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் சொன்னார். பங்குனி, சித்திரை வெயிலில் கோயில் கல் கொதிக்கும். தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறவர்களில் பலர் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். உணர்வில்லாத காலில் கொப்புளம் வந்தாலும் முள் தைத்தாலும் தெரியாது, தெரிய வரும்போது சில சமயம் விரலை எடுக்க வேண்டியிருக்கும். 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையும் ஓர் இசைக்கவையும் இருந்தால் மருத்துவர் சில நிமிஷங்களில் பாதத்தைச் சோதித்துவிடுவார். சர்க்கரை உள்ளவர்கள் வேண்டுதலுக்கு முன் அந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். நடந்து வந்த ராத்திரி உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.