தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?

உங்களிடம் ஒரு கேள்வி. அவசரப்பட்டு பதில் சொல்ல வேண்டாம். ஒருத்தருக்கு உடம்பு குணமாகிவிட்டது என்று முடிவு செய்கிற அதிகாரம் யாருக்கு? டாக்டருக்கா, அவருக்கேவா, இல்லை பக்கத்து வீட்டுக்காரருக்கா?

டாக்டருக்குத்தான் என்பீர்கள். 2020 ஜூலை வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருமுனையில், வேப்பமரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்த அண்ணன்தான் எங்கள் வீட்டுத் துணிகளுக்கு. எந்த வீட்டுச் சட்டைக்குக் கஞ்சி வேண்டும், எந்த வீட்டு அம்மாவுக்குப் புடவையை நாலாக மடித்தால் பிடிக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கணக்கு நோட்டு கிடையாது. எல்லாம் தலைக்குள்தான். பி.காம். படித்த எனக்கு அவர்மேல் அந்த விஷயத்தில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஜூலை இரண்டாவது வாரம், தெருவில் காய்ச்சல் முகாம் போட்டார்கள். அப்போது சென்னையில் தினமும் எங்காவது ஒரு தெருவில் முகாம் நடக்கும். லேசாக உடம்பு வலிக்கிறது என்று அண்ணன் போய் மூக்கைக் காட்டினார். பாசிட்டிவ். மறுநாளே ஆம்புலன்ஸ் வந்து, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கண்காட்சி நடக்கிற அந்த ஹாலில் அப்போது வரிசையாகக் கட்டில்கள். காய்ச்சல் இரண்டு நாள். அப்புறம் ஒன்றுமில்லை. பத்து நாள் கழித்து, கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் இன்னும் ஏழு நாள் தனியாக இருந்துவிட்டு, ஜூலை கடைசியில் வண்டியைத் துடைத்து, பொட்டு வைத்து, கரி போட்டு நின்றார். அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தை லேமினேட் செய்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்.

ஒரு துணி வரவில்லை.

நான் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்தானே? அதுதான் இல்லை. நானும் கொடுக்கவில்லை. ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு ஒரு எலெக்ட்ரிக் இஸ்திரிப் பெட்டி வாங்கினேன். எங்கள் வீட்டில் வாரம் முப்பது உருப்படி. ஒன்றுக்கு எட்டு ரூபாய். ஆறே வாரத்தில் முதல் திரும்பிவிடும் என்று வீட்டில் விளக்கம் வேறு சொன்னேன். காமர்ஸ் புத்தி எதற்கெல்லாம் பயன்படுகிறது பாருங்கள்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் இந்தப் பக்கத்தை எழுதுவதில் அர்த்தமில்லை. அதே வருஷம் ஏப்ரல் 19-ம் தேதி, கொரோனாவில் இறந்துபோன ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசியில் கூட வேலை பார்த்த ஒரு டாக்டர், ராத்திரியில் தன் கையாலேயே மண் தள்ளி அவரை அடக்கம் செய்தார். அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருஷம் வரை சிறை என்று ஒரே வாரத்தில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. அப்போது நான் ஆவேசமாக ஒரு கட்டுரை எழுதினேன். 'நாம் மனிதர்கள்தானா?' என்கிற ரகத்தில். பாராட்டி நிறைய பேர் எழுதினார்கள்.

மூன்று மாதம் கழித்து அதே பேனாக்காரர் வேப்பமரத்தைத் தாண்டும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டே நடக்கக் கற்றுக்கொண்டார்.

'அன்னிக்கு நமக்கு என்ன தெரியும் சார்? புது வியாதி. எல்லாருக்கும் பயம்' என்பார்கள். நியாயமான வாதம். ஆனால், எது வரைக்கும் நியாயம் என்று பார்க்க வேண்டாமா? மார்ச்சில் பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவினோம். கொத்தமல்லிக் கட்டை மஞ்சள் தண்ணீரில் ஊற வைத்தோம். அதையெல்லாம் யாரும் குற்றம் சொல்ல முடியாது. தெரியவில்லை, செய்தோம். அறிகுறி லேசாக இருந்தால், ஆரம்பித்த நாளிலிருந்து பத்து நாளும், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமலும் இருந்தால், மறுபடி டெஸ்ட்கூட எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பலாம், மேற்கொண்டு ஏழு நாள் தனித்து இருந்தால் போதும் என்று மத்திய சுகாதாரத் துறை மே 8-ம் தேதியே சொல்லிவிட்டது. பேப்பரில் வந்தது. நான் பேப்பரிலேயே பிழைப்பவன். எனக்குத் தெரியாது என்று யாரிடம் சொல்ல?

வீட்டில் அம்மா இருந்தார். எழுபத்து நாலு வயது, சர்க்கரை. பதினேழாம் நாள் வரை அவரைச் சொல்லி நான் பயந்திருந்தால், அது கவலை. அதற்கு மேலும் அம்மாவையே காரணம் சொன்னேனே, அதற்கு என்ன பெயர்? அம்மாவுக்கே இது தெரியாது. ஒரு நாள், 'ஏன்டா, துணி இன்னும் போகலையா?' என்று கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பினேன்.

இதில் வேடிக்கை, அந்த வைரஸ் 70 டிகிரி சூட்டில் ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது என்று அந்த வருஷமே ஆராய்ச்சி செய்து சொல்லிவிட்டார்கள். கரி இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு அதைவிட எவ்வளவு சூடு! தெருவிலேயே கிருமியை நெருப்பால் தேய்த்துக்கொண்டிருந்த ஒரே மனுஷனைப் பார்த்துத்தான் நாங்கள் ஒதுங்கினோம்.

ஆகஸ்டில் எங்கள் தெருவில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிற ஒருவருக்கும் கொரோனா வந்தது. வாசலில் தகரம் அடித்தார்கள். அவர் திரும்பி வந்ததும் நலம் விசாரிக்காதவர்கள் இல்லை. நாலு வீட்டிலிருந்து மிளகு ரசம் போயிற்று. பதினைந்தாம் நாள் அவரோடு கேட் அருகில் நின்று நானே அரட்டை அடித்தேன். அதே வியாதி. அதே பத்து நாள் கணக்கு. அவர் மனசு கோணினால் நமக்கு நஷ்டம். அண்ணன் மனசு கோணினால் 1,450 ரூபாயில் முடிந்துவிடுகிறது.

(நோயாளி வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டுவதைப் பற்றி உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் பேசியது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவு போட்டால் தவிர ஒட்டக் கூடாது என்றது. வாசலில் ஒட்டிய போஸ்டரைக் கிழித்துவிடலாம்தான்.)

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' ஞாபகம் இருக்கும். நம்ம ரொக்க ஏட்டில் ஒரு பாக்கி, பேங்க் பாஸ் புக்கில் வேறொரு பாக்கி. இரண்டும் தப்பில்லை. நாம் போட்ட செக் இன்னும் பாஸாகியிருக்காது, அவ்வளவுதான். கால தாமதம். ஒரு பட்டியல் போட்டு இரண்டையும் நேர் செய்துவிடலாம். அண்ணனுடைய உடம்பு ஜூலையிலேயே வரவு வைத்துவிட்டது. தெருவின் பாஸ் புக்கில் அது ஏறவே இல்லை. அந்தப் பட்டியலைப் போடுவது யார் வேலை? அவருடைய வேலை என்று எல்லாரும் விட்டுவிட்டோம். அதனால்தான் பாவம், லேமினேஷன்.

சின்ன வயசில் எனக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். யாரும் உள்ளே வரமாட்டார்கள். வீட்டில் தாளிப்பு கிடையாது. தனிப் பாய், தனித் தட்டு. அதுவும் ஒதுக்கி வைத்தல்தான். ஆனால், அதற்கு ஒரு முடிவு இருந்தது. கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்கு தட்டிய பிறகு, அண்டாத் தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்து, தலைக்குத் தண்ணி ஊத்தினார்கள். ஒரு தடவை இல்லை, நாள் விட்டு மூன்று தடவை. மூன்றாம் தண்ணி ஊத்தின அன்றைக்கு சாயங்காலமே தெருப் பசங்களோடு கோலி விளையாடினேன். 'தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?' என்று ஒரு பாட்டி கேட்டார். 'ஆச்சு' என்றேன். முடிந்தது. ஒரு சர்டிபிகேட் கிடையாது, ஒரு டெஸ்ட் கிடையாது. பொருக்கு காய்ந்துவிட்டால் அது அடுத்தவருக்குத் தொற்றாது என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள். எப்படியோ அந்தப் பாட்டிகளின் கணக்கு அதோடு ஒத்துப்போயிற்று.

எனக்கு உறைப்பது, அந்தச் சடங்கு வீட்டுக்குள் நடந்தாலும் அது தெருவுக்கான சடங்கு என்பதுதான். வாசல் வேப்பிலையை எடுத்தால் தெருவே பார்க்கும். இனி இவனை ஒதுக்க உனக்கு உரிமை இல்லை என்று எல்லாருக்கும் சொல்லியாயிற்று. கொரோனாவிலும் ஆரம்பத்தில் ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர்களும் நர்ஸுகளும் நின்று கைதட்டி, பழம் கொடுத்து அனுப்பினார்கள். டி.வி.யில் பார்த்து நாமும் கண் கலங்கினோம். அந்தக் கைதட்டலை நம்ம தெருமுனையில் வைத்திருக்க வேண்டும்.

அண்ணனுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. குணமானாரே தவிர, பழைய தெம்பு வரவில்லை. பத்து சட்டை தேய்த்தால் மூச்சு வாங்கும். உட்கார்ந்துவிடுவார். 'பார்த்தீங்களா, இன்னும் இருக்கு' என்று தெரு கிசுகிசுத்தது. வியாதி போன பிறகும் களைப்பும் மூச்சிரைப்பும் மாதக்கணக்கில் தொடரலாம், அதுவும் ஒரு நிலைதான் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கணம் வகுத்ததே 2021 அக்டோபரில்தான். இவர் மூச்சு வாங்கினது 2020-ல். பெயர் வைக்காத ஒன்றுக்கு, பாவப்பட்டவர்தானே பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

எதிர்வீட்டு டீச்சரம்மாதான் முதலில் துணி கொடுத்தார். செப்டம்பரில் அவருக்கும் வந்து போயிருந்தது. தன்னிடம் ட்யூஷனுக்கு வந்த பிள்ளைகள் நின்றுபோனதில் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஒரு மூட்டை பட்டுப்புடவையைத் தானே தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் நடந்து போய்க் கொடுத்தார். அதுதான் எங்கள் தெருவில் நடந்த மூன்றாம் தண்ணி என்று நினைக்கிறேன். தீபாவளி நெருங்க நெருங்க ஒவ்வொருத்தராகப் போனார்கள். நான் போனது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால்.

அதற்குள் பதினைந்து வாரம். கணக்குப் போட்டு 3,600 ரூபாயைக் கவரில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை. 'தேய்க்காத துணிக்கு எப்படி சார் காசு வாங்குறது?' என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது? 'தப்புதான் அண்ணே' என்று முனகினேன்.

'விடுங்க சார். எனக்கு வராம உங்களுக்கு வந்திருந்தா, நானும் உங்க துணியத் தொட்டிருக்க மாட்டேன்' என்றார்.

இந்த வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால், அது உண்மை இல்லை. மே கடைசியில் கடைசி வீட்டுத் தாத்தாவை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அடுத்த வாரமே அந்த வீட்டு மருமகள் தயங்கித் தயங்கித் துணி கொண்டுவந்து கொடுத்தபோது, நான் வண்டியருகில்தான் நின்றேன். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டார். 'பயமா இல்லையா?' என்று கேட்டேன். 'கரி நெருப்புக்கு முன்னால எது சார் நிக்கும்?' என்று சிரித்தார். அதை மறந்துவிட்டா அப்படிச் சொன்னார்? மறக்கிற ஆளா அவர்? எந்தப் புடவையை எப்படி மடிக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக ஞாபகம் வைத்திருப்பவர். என்னை எனக்குச் சமமாக நிற்க வைப்பதற்காக, தன்னை ஒரு படி இறக்கிக்கொண்டு ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யை நான் வாங்கிக்கொண்டது சரியா, தப்பா? 'இல்லை அண்ணே, நீங்க தொட்டீங்க' என்று சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லியிருந்தால், அவர் எனக்காக மூடிவைத்ததை நானே திறந்த மாதிரி ஆகியிருக்கும். பேசாமல் சட்டைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

2023 மே 5-ம் தேதி, கொரோனா இனி சர்வதேச அவசரநிலை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மறுநாள் துணி கொடுக்கப் போனபோது பார்த்தேன். முருகன் படத்துக்குப் பக்கத்தில் அந்த லேமினேட் காகிதம் அப்படியே தொங்குகிறது. கரிப்புகை படிந்து எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. ஆஸ்பத்திரி முத்திரை மட்டும் லேசாகத் தெரிகிறது.

'இன்னும் எதுக்கு அண்ணே? எடுத்துடலாமே' என்றேன்.

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அதைத் துணியால் ஒரு துடை துடைத்தார்.

'இருக்கட்டும் சார். யாராச்சும் கேட்டா?'