விருந்தினரும் தேர்தல் மதுவிலக்கும்

தாய்லாந்து தேசத்தில் 2007-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாட்கள் இருக்கையில், பொதுத்தேர்தல் நடைபெற்றது. முந்தின ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், அந்நாட்டுப் பிரஜைகள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தெரிந்தெடுப்பதற்குக் கிட்டிய முதற்சந்தர்ப்பம் அதுவேயாதலால், அதற்கு இருந்த முக்கியத்துவம் சாமானியமானதன்று. அத்தேசத்துத் தேர்தல் சட்டம், வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மாலை ஆறு மணி தொடங்கி, வாக்குப்பதிவு நாளின் நள்ளிரவு வரையில், மதுவை விற்பதையும் வழங்குவதையும் மது விருந்து நடத்துவதையும் தடுத்து, மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, பத்தாயிரம் பாத் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தந்தது. அவ்வாண்டு இத்தடை வந்து விழுந்தது, சுற்றுலாப் பருவம் உச்சத்தில் இருக்கும் கிறிஸ்துமஸுக்கு முந்தின சனி ஞாயிறுகளில். பாங்காக் நகரத்துச் சுகும்வித் சாலையிலும், பட்டாயா, புக்கெட் கடற்கரைகளிலும், வடக்கே சியாங்மாயிலும் குடியேறி வாழ்ந்த ஐரோப்பியரும் அமெரிக்கரும் ஆஸ்திரேலியரும், தாய் மக்கள் பொதுவாக ‘ஃபராங்’ என்று அழைக்கும் இந்த அந்நியர்கள், பண்டிகைக் காலத்து நண்பர் கூட்டங்களை மதுவின்றி நடத்தவோ ஒத்திப்போடவோ வேண்டியவர்களானார்கள்.

இரண்டு இரவுகள் குடிக்காதிருப்பதனால் எவருக்கும் எந்த நஷ்டமும் வந்துவிடாது என்று சொல்லி அவர்களுடைய மனக்குறையை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் அக்குறைக்குள்ளே, மதுவைப் பற்றியதே அல்லாத ஒரு தர்மப் பிரச்சினை அடங்கியிருக்கிறது. வாக்களிக்கும் உரிமை சிறிதும் இல்லாத ஒருவரை, வாக்கின் தூய்மைக்காகவே ஏற்பட்ட கட்டுப்பாடு பிணிப்பது நியாயமாகுமா? தேர்தலில் அவர் கெடுக்கத்தக்கது ஒன்றுமில்லை. அவரை மயக்கி எந்த வேட்பாளரும் ஆதாயம் பெறப்போவதில்லை. அப்படியிருக்க அவருடைய மேசையிலிருந்து கோப்பையை எடுத்துவிடுவதனால் ஜனநாயகத்துக்கு விளையும் நன்மை யாது?

கட்டுப்பாடு எதற்காகத் தோன்றியதென்பதை அறியாமல் இக்கேள்விக்கு விடை கூற இயலாது. தாய்லாந்துக் கிராமங்களில், தேர்தலுக்கு முந்தின இரவை ‘நாய்கள் ஊளையிடும் இரவு’ என்று சொல்வது வழக்கம். வேட்பாளர்களின் தரகர்கள் இருளில் வீடு வீடாகச் சென்று பணத்தைக் கொடுத்து வாக்கை உறுதி செய்துகொள்ள, அந்த அகால நடமாட்டத்தைக் கண்டு ஊரிலுள்ள நாய்களெல்லாம் விடியுமளவும் ஊளையிடுமாம். பணம் நடமாடும் இரவில் சாராயமும் உடன் நடமாடுவது எத்தேசத்துக்கும் புதிதன்று. 1758-இல் வர்ஜீனியாவின் சட்டசபைக்குப் போட்டியிட்ட ஜார்ஜ் வாஷிங்டன், நூற்றுக்கு மேற்பட்ட காலன் மதுவை வாக்காளர்களுக்கு வழங்கி வெற்றி பெற்றார். 1777-இல் அதே பிரதேசத்தில் அவ்வாறு வழங்க மறுத்த ஜேம்ஸ் மாடிசன் தோற்றுப்போனார். இந்தியாவின் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும், வாக்குப்பதிவு முடியும் நேரத்தோடு நிறைவுறும் 48 மணி நேரத்துக்கு மது விற்பனையையும் விநியோகத்தையும் தடுக்கிறது. அத்தடைக்கு முந்தின மாலையில் டாஸ்மாக் கடைகளின் வாயிலில் நீளும் வரிசையைக் கண்டவர்களுக்கு, இத்தகைய விதிகளின் நோக்கமும் அவற்றின் பலவீனமும் ஒருங்கே விளங்கியிருக்கும்.

ஏனெனில், வாக்காளனுக்கு மது வாங்கித்தர எண்ணியவன் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறான். குடிக்க எண்ணியவனும் அவ்வாறே செய்கிறான். ஆகையால் இவ்விதி இலஞ்சத்தை ஒழித்துவிடும் என்று கருதுவதற்கில்லை. அமெரிக்காவில் இத்தகைய தடையை நெடுங்காலம் வைத்திருந்த கென்டக்கி 2013-இலும், தென் கரோலினா 2014-இலும் அதனைக் கைவிட்டன. ஆனால், ஒரு சட்டம் அறிவுடையதா என்பது ஒன்று. அதனை மாற்றும் அதிகாரம் எவருக்குரியது என்பது வேறொன்று. பலனற்ற சட்டமென்று கண்டுகொண்ட மாத்திரத்தில், அதற்குக் கட்டுப்படாதிருக்கும் சுதந்திரம் ஒருவருக்குக் கிடைத்துவிடுமாயின், எந்த நாட்டிலும் எந்தச் சட்டமும் ஒரு நாள்கூட நில்லாது.

அந்நியருக்கு மட்டும் விலக்களித்துவிட்டால் என்ன என்று கேட்பாருண்டு. அதற்கு முன்மாதிரிகளும் இல்லாமல் இல்லை. பிலிப்பைன்ஸ் தேசத்துத் தேர்தல் சட்டம், சுற்றுலாத் துறையின் சான்று பெற்ற ஹோட்டல்கள், தேர்தல் ஆணையத்தின் முன் அனுமதியோடு, வெளிநாட்டுப் பயணிகளுக்கு மது வழங்க இடமளிக்கிறது. சென்னை மாகாணத்தில் 1937-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிப் பின்னர் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கின் காலத்திலும், அந்நியர்கள் பர்மிட் பெற்றுக் குடிக்க வசதி இருந்தது. விருந்தினரின் பழக்க வழக்கங்களை மதிப்பது ஒரு நற்பண்பே; அவ்விலக்கை அளிக்கின்ற நாடு தானே மனமுவந்து அளிக்கும் வரையில் அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அதனை உரிமையாகக் கேட்கும் பொழுது, குறிப்பாகத் தாய்லாந்தில் கேட்கும் பொழுது, கேட்பவர் ஒரு பழைய புண்ணைத் தொடுகிறார்.

1855-இல் சர் ஜான் பௌரிங் என்பவர் பிரிட்டிஷ் அரசியின் சார்பில் அந்நாளில் சயாம் என்று பெயர் பெற்றிருந்த தாய்லாந்தோடு செய்துகொண்ட உடன்படிக்கை, அங்கிருந்த பிரிட்டிஷ் பிரஜைகளை சயாமியச் சட்டத்தின் கைக்கு எட்டாதவர்களாக ஆக்கிவிட்டது. அவர்கள் குற்றம் செய்தால் விசாரிப்பவர் அவர்களுடைய அரசாங்கத்தின் பிரதிநிதியான கான்சல். இறக்குமதிப் பொருளுக்கு சயாம் விதிக்கலாகும் வரியோ நூற்றுக்கு மூன்றே. மற்ற வல்லரசுகளும் அவ்வழியே பின்தொடர்ந்து அதே சலுகைகளைப் பெற்றன. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்டிருந்த இந்தியாவிலிருந்து பாங்காக்கில் குடியேறிய வணிகர்களும் அந்தக் கான்சலின் நிழலிலேயே நின்றார்கள் என்பதை நம்மவர் மறந்துவிடலாகாது. இதன் பலனாக, தன் தலைநகரத்து வீதியில் ஓர் அந்நியன் நடத்தும் சாராயக் கடையைக்கூட சயாம் அரசன் தன் விருப்பப்படி கட்டுப்படுத்த முடியாத நிலை ஏற்பட்டது. மது வியாபாரத்தை ஒழுங்குபடுத்துவதற்காக 1883-இல் பிரிட்டனோடும், 1884-இல் அமெரிக்காவோடும் அந்நாடு தனித்தனியே உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்ததென்றால், சுதந்திர நாடென்று பெயர் தாங்கிய ஓர் இராஜ்யத்துக்கு அதைவிட அவமானம் வேறென்ன இருக்கக்கூடும்! அந்தச் சலுகைகள் முற்றிலும் நீங்குவதற்கு 1930-களின் இறுதி வரையில் அத்தேசம் பொறுத்திருந்தது. இச்சரித்திரத்தை நினைவிற் கொண்டவர், ‘நான் அந்நியன், ஆகையால் என்னை விட்டுவிடுக’ என்ற வேண்டுகோளைத் தாய் மக்கள் ஏன் இலேசாகக் கேட்பதில்லை என்பதை உணர்ந்துகொள்வார். சட்டம் இங்கே எல்லோரையும் ஒரே தராசில் வைக்கிறது என்பதே அவர்களுக்கு ஒரு பெருமிதம்.

கிறிஸ்துமஸ் சமய விழாவாயிற்றே என்னும் வாதத்துக்கு அதிகமான இடந்தர வேண்டியதில்லை. தடை 23-ஆம் தேதி நள்ளிரவில் முடிந்துவிட்டது; விழாவின் முன்னிரவும் விழா நாளும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. தேவாலயத்து வழிபாட்டிலும் எவரும் கைவைக்கவில்லை. தாய் மக்களிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் மற்றவர்களோடு வரிசையில் நின்று வாக்களித்தவர்களே.

இனி, சட்டத்துக்குக் கட்டுப்பட விரும்பாதவர்கள் நடைமுறையில் செய்வதைச் சற்று அருகிலிருந்து நோக்குதல் வேண்டும். தடை நாட்களில் சில விடுதிகளின் பெயர்ப் பலகை விளக்கு அணைக்கப்பட்டிருக்கும். இசை நிறுத்தப்பட்டு, முன்கதவு பாதி சாத்தியிருக்கும். உள்ளே அமர்ந்திருப்பவரின் முன்னால் வெள்ளைப் பீங்கானாலான காப்பிக் கோப்பை ஒன்று, பக்கத்தில் ஒரு தேக்கரண்டியோடு, வைக்கப்பட்டிருக்கும். கோப்பையில் இருப்பது பீர். நுரை விளிம்புக்கு மேலே எழாதபடி மெல்லச் சாய்த்து ஊற்றிக் கொடுத்த பணிப்பெண், அடுத்த மேசைக்குப் போகும் பொழுதும் வாயிற்புறத்திலேயே கண்ணை வைத்திருப்பாள். இந்த ஏற்பாட்டில் இன்பம் ஒருவருக்கு, அச்சம் மற்றொருவருக்கு. காவலர் வந்து கோப்பையை முகர்ந்து பார்ப்பாரானால், விற்றவரும் வழங்கியவரும் குற்றவாளிகள். உரிமம் பறிபோகக்கூடியது முதலாளிக்கு. காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவள் ஊற்றிக் கொடுத்தவள். குடித்தவரோ பணத்தை வைத்துவிட்டு எழுந்து தம் இருப்பிடத்துக்குப் போய்விடுவார். ஏனெனில் அச்சட்டம் குடிப்பதைக் குற்றமாக்கவில்லை.

இங்கேதான் முறையீட்டின் நியாயம் முழுவதும் சரிந்துவிடுகிறது. அநீதியான சட்டத்தை மீறுவது சில வேளைகளில் தர்மமாகும் என்பதை மறுப்பாரில்லை. 1930-இல் தண்டிக் கடற்கரையில் காந்தியடிகள் உப்பை அள்ளியதும் சட்டமீறலே. ஆனால் அங்கே மீறியவர் பகிரங்கமாக மீறினார்; தண்டனையைத் தாமே ஏற்கச் சித்தமாயிருந்தார்; மீறியதன் பலன் எல்லோருக்கும் உரியதாயிருந்தது. காப்பிக் கோப்பையின் மறைவில் நடப்பதிலோ, மீறல் இரகசியமானது, பலன் மீறத் தூண்டியவருக்கு மாத்திரம் உரியது, தண்டனை அவரைவிட எளியவரான மற்றொருவருக்கு ஒதுக்கப்பட்டது. ‘அவர்களே மனமுவந்துதானே விற்கிறார்கள்’ என்று கூறுவதும் பொருந்தாது. வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற கவலையில் இணங்குகிற ஊழியரின் சம்மதத்தை முழுச் சம்மதமென்று எண்ணுகிறவர், தாம் அந்த நிலையில் இருந்தறியாதவர்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்நியர் பக்கத்தில் இருக்கும் மெய்யான குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரு வாரத்துக்கு வந்துபோகும் பயணி வேறு; இருபது ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்து, தாய்ப் பெண்ணை மணந்து, பிள்ளைகளை அந்நாட்டுப் பள்ளியில் சேர்த்து, அந்நாட்டுக்கு வரி செலுத்தி வருபவர் வேறு. பின்னவர் தொண்ணூறு நாட்களுக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தைக் குடிவரவு அலுவலகத்தில் தெரிவித்துக்கொள்ள வேண்டியவராகவே இருக்கிறார்; நிரந்தரமாக வசிக்கும் அனுமதியோ, ஒரு நாட்டினருக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்ற வரம்புக்கு உட்பட்டது. தம் வாழ்க்கையை ஆளும் சட்டங்களில் ஒன்றிலேனும் அவருக்குக் குரல் இல்லை. இது கவனிக்கத்தக்க குறை, தாய்லாந்துக்கு மட்டும் உரியதும் அன்று. வளைகுடா நாடுகளில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இக்குறைக்கு மருந்து, நெடுநாள் குடியிருப்பவருக்கு உரிய அந்தஸ்தைக் கேட்டு வாதாடுவதே. தேர்தல் இரவின் ஒரு புட்டியில் அதனைக் கொண்டுபோய் அடைப்பது, பெரியதொரு நியாயத்தைத் தாமே சிறுமைப்படுத்துவதாகும்.

சட்டத்தை ஆக்கியவர்களின் தகுதியைப் பற்றிய ஆட்சேபமும் ஒன்றுண்டு. 2007-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம், இராணுவம் நியமித்த சபையால் இயற்றப்பட்டது. மக்களின் சம்மதம் பெறாதவர் இயற்றியதற்கு மதிப்பு ஏது என்று கேட்கலாம். கேள்வி வலிமையானதே. எனினும் இத்தடை அதற்கு முந்தைய தேர்தல்களிலும் இருந்ததாகும். அன்றியும், அந்த நியமன ஆட்சியினின்று வெளியேறும் வழியாக அம்மக்களுக்குக் கிடைத்திருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அந்த நாளின் ஒழுங்கைக் குலைப்பதனால் இராணுவத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இத்தடையினால் உண்மையிலேயே நஷ்டமடைபவர் எவர் என்று பார்த்தால், அவர் மேசையின் அப்புறத்தில் நிற்கிறார். பட்டாயாவிலும் பாங்காக்கிலும் விடுதிகளில் உழைப்பவர்களில் பலர் வடகிழக்கான ஈசான் பிரதேசத்துக் கிராமத்தார். அவர்களுடைய குடும்பப் பதிவேடு சொந்த ஊரில் இருப்பதால் அங்கே போய் வாக்களிப்பவர் பலர். வாக்களிப்பது அரசியல் சாசனம் விதித்த கடமை, தக்க காரணமின்றித் தவறினால் சில அரசியல் உரிமைகள் பறிபோகும். சம்பளம் சொற்பம்; வாழ்க்கை நடப்பது வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸினாலும், விற்கும் பானத்தில் கிடைக்கும் பங்கினாலும். பருவத்தின் மிகச் சிறந்த இரண்டு இரவுகளின் வருமானத்தை இழந்து, பஸ் கட்டணத்தையும் தாங்களே செலுத்தி, தங்கள் நாட்டின் அரசியல் கடமையை நிறைவேற்றித் திரும்புகிறவர்கள் அவர்கள். 2007-இல் வாக்குப்பதிவு பிற்பகல் மூன்று மணிக்கே முடிந்தும், கடைகள் நள்ளிரவு வரையில் மூடியிருக்க வேண்டியிருந்தமையால் இழப்பு பின்னும் மிகுந்தது.

நாடாளுமன்றத் தேர்தலுக்கான 2018-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை ஓரளவு திருத்தி, தடை வாக்குப்பதிவு நாள் மாலை ஆறு மணியோடு முடியுமாறு செய்தது. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி, மீண்டும் கிறிஸ்துமஸ் நெருங்கியிருக்க, மாகாண நிர்வாக சபைகளுக்குத் தேர்தல் நடந்த பொழுதும், ஞாயிறு மாலை ஆறு மணிக்கே தடை நீங்கி, அந்த இரவின் வருமானம் ஊழியர்களுக்கு மீண்டும் கிட்டக்கூடியதாயிற்று. சனிக்கிழமை இரவின் இழப்பை ஈடுசெய்வதற்கு மட்டும் சட்டத்தில் வழியில்லை. பண்டிகைக் கூட்டத்துக்கென்று ஒதுக்கி வைத்த பணத்தில் ஒரு பங்கை, கடைகள் திறந்தபின் தமக்குப் பரிமாறுகிறவரின் கையில் சேர்ப்பதற்கு எந்த விதியும் அந்நியருக்குக் குறுக்கே நிற்கவில்லை.