கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை தீருமா?

பல்கலைக்கழக ஆய்வகங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒரு பிற்பகலை ஒதுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது, கண்ணில் அமிலம் தெறித்தால் எவ்வளவு நேரம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், எந்தக் கழிவை எந்தக் கலனில் ஊற்ற வேண்டும் என்றெல்லாம் திரையில் காட்டுவார்கள். கடைசியில் ஒரு தாள் சுற்றி வரும். படித்தேன், புரிந்துகொண்டேன் என்று அதில் கையெழுத்திட வேண்டும். நாளை விபத்து நேர்ந்தால் அந்தத் தாள் காப்பாற்றப்போவது கையெழுத்திட்டவரையா, அதை வாங்கி வைத்துக்கொண்டவரையா?

கையெழுத்திட்டவர்தான் பொறுப்பு என்பாரும் உண்டு. ஆய்வு மாணவர் குழந்தையல்லர். பட்டம் பெற்றவர், விஷயம் தெரிந்தவர். ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் கைடு நின்றுகொண்டிருக்க முடியாது. இந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 2010 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் வெடிக்கும் தன்மையுள்ள ஒரு நிக்கல் சேர்மத்தை 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்று ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். மாணவர்கள் ஏறத்தாழ 10 கிராம் தயாரித்தார்கள். அதை அரைத்த மாணவர் மூன்று விரல்களை இழந்தார். பாதுகாப்புக் கண்ணாடியை அந்த நேரத்தில் கழற்றியிருந்ததால் கண்ணிலும் காயம்.

இதுவரை மட்டும் படித்தால் மாணவர் மீதுதான் தவறு என்று தோன்றும். ஆனால் விபத்தை ஆராய்ந்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2011இல் வெளியிட்ட அறிக்கை மேலும் உள்ளே சென்று பார்த்தது. அந்த 100 மில்லிகிராம் வரம்பு வாய்ச்சொல்லாகவே இருந்தது. அது எல்லார் காதுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க எந்த ஏற்பாடும் இல்லை. அதே ஆய்வகக் குழுவில் முன்பு நூலிழையில் தப்பிய சம்பவங்கள் நடந்திருந்தும் அவற்றிலிருந்து யாரும் பாடம் எடுக்கவில்லை. சொன்னோம் என்பதோடு சொன்னவரின் கடமை முடிந்ததாக எண்ணியதால் வந்த வினை இது.

கலிபோர்னியாவில் நடந்தது இதைவிடக் கொடியது. 2008 டிசம்பர் 29, விடுமுறைக் காலம். யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட நிறையாத ஷெரி சாங்ஜி என்ற 23 வயது ஆய்வு உதவியாளர், காற்றுப் பட்டாலே பற்றி எரியும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டிருந்தார். சிரிஞ்சின் தண்டு கழன்று வந்துவிட்டது. அவர் லேப் கோட் அணிந்திருக்கவில்லை. செயற்கை இழை ஸ்வெட்டர் தீயைப் பிடித்துக்கொண்டது. 18 நாள் கழித்து இறந்தார். அவர் அனுபவமுள்ள வேதியியலாளர் என்று பேராசிரியர் தரப்பு சொன்னது. மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறையோ, அந்த வேலைக்கான பயிற்சியைத் தரத் தவறியதற்காகவும் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு அபராதம் விதித்தது. விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு பல்கலைக்கழகமே நடத்திய சோதனையில், அந்த ஆய்வகத்தில் லேப் கோட் அணியாமல் வேலை செய்கிறார்கள் என்று குறித்து வைத்திருந்தார்கள். குறித்ததோடு சரி. பேராசிரியர் மீது குற்றவியல் வழக்கு வந்தது. 2014இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 10,000 டாலர் செலுத்துவது, 800 மணி நேரம் சமூகப்பணி செய்வது முதலிய நிபந்தனைகளுடன் உடன்பாடு ஏற்பட்டது.

ஆய்வகத்தில் ஆபத்தைச் சுமப்பவரும் முடிவெடுப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. என்ன வினை, எவ்வளவு அளவு, எப்போதைக்குள் என்பதை மேலே இருப்பவர் முடிவு செய்கிறார். நெருப்பின் முன்னால் நிற்பது கீழே இருப்பவர். நம் பல்கலைக்கழகங்களில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் செங்குத்தானது. கைடு கையெழுத்திடாமல் உதவித்தொகை வராது, ஆய்வேடு நகராது. அப்படிப்பட்ட இடத்தில், 'சார், ஃபியூம் ஹுட் சரியாக இழுக்கவில்லை, சரிசெய்த பிறகு செய்கிறேன்' என்று சொல்ல ஒரு மாணவிக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? சொன்னால் பாதகம் வராது என்ற உறுதியை நிறுவனம் கொடுக்காதவரை, ஆபத்தைப் பற்றி அவருக்குக் கற்பிப்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. தெரிந்தே செய்தாய் என்று பிறகு சொல்வதற்கு மட்டுமே அந்த அறிவு பயன்படும். மறுக்கும் உரிமையைச் சேர்த்துக் கொடுக்காத பயிற்சி, பழியை முன்கூட்டியே கைமாற்றி விடுவதுதான்.

எல்லாம் முறைப்படி நடந்தும் உயிர் போவதுண்டு. டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் நச்சு உலோகங்களை ஆராய்ந்தவர். 1996 ஆகஸ்டில் ஃபியூம் ஹுட்டின் முன் கையுறையோடு வேலை செய்தபோது டைமெத்தில் மெர்க்குரி சில துளிகள் கையுறைமீது விழுந்தன. அடுத்த ஜூன் மாதம் அவர் இறந்தார். லேடெக்ஸ் கையுறையை அந்தத் திரவம் 15 விநாடிக்குள் ஊடுருவிவிடும் என்பது பிற்பாடு சோதித்த பிறகே தெரிந்தது. இங்கே யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அவருடைய சக ஆய்வாளர்கள் விஷயத்தை மூடி வைக்காமல் அறிவியல் உலகம் முழுவதற்கும் எச்சரிக்கையாக எழுதினார்கள். அதனால் காப்பாற்றப்பட்ட கைகள் பல இருக்கும். துறையின் பெயர் கெட்டுவிடும் என்று சிறு தீயையும் சிறு கசிவையும் மறைக்கும் இடங்கள் அந்த நேர்மையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவர்களெல்லாம் ஆய்வகத்துக்குள் இருந்தவர்கள். 2010இல் டெல்லி மாயாபுரியில் செத்தவர் எந்த ஆய்வகத்துக்குள்ளும் கால் வைத்தவரில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1968இல் வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று 1985க்குப் பிறகு பயனின்றிக் கிடந்தது. 2010 பிப்ரவரியில் அதைப் பழைய சாமானாக ஏலம் விட்டார்கள். மாயாபுரிக் காயலான் கடைகளில் அதை உடைத்தபோது உள்ளேயிருந்த கோபால்ட்-60 வெளியே வந்தது. சுமார் ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் பொருள் அது. வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ எட்டு முறை பாதியாகியிருந்தது. மிஞ்சியிருந்ததே போதுமானதாக இருந்தது. ஒருவர் அதன் துண்டைப் பர்சில் போட்டுத் திரிந்தார். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். கடைத் தொழிலாளி ஒருவர் ஏப்ரலில் இறந்தார்.

அந்தத் தொழிலாளிக்கு யார் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும்? அவர் மாணவரில்லை, ஊழியரில்லை, எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சட்டக் கண்ணுக்கு இப்படிப் பதிவேடு பார்க்கும் பழக்கம் உண்டு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்புச் சட்டம்கூட ஊழியர்களுக்குத்தான் பொருந்தும். ஷெரி சாங்ஜி சம்பளம் வாங்காத மாணவியாக இருந்திருந்தால் அந்தத் துறை விசாரணைக்கே வந்திருக்காது. தீக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆபத்தை உண்டாக்கியவர், அது யாரையெல்லாம் தொடுமோ அவர்கள் எல்லாருக்கும் கடன்பட்டவர். கலனைக் கழுவும் லேப் அட்டெண்டர், குப்பையைக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளி, ஸ்டோர் கணக்கர், கழிவை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர், பழைய இரும்பு வாங்குபவர் என்று அந்த வரிசை நீளும். இவர்கள் எல்லாரையும் வகுப்பில் உட்காரவைக்க முடியாது என்பது உண்மைதான். வகுப்புக்கு வர முடியாதவரிடம் ஆபத்து போய்ச் சேராமல் தடுப்பதும் அதே கடனில் அடங்கும்.

இது நடக்காத காரியமில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் எல்லாருக்கும் பணியில் சேரும்போதும் பிறகு ஆண்டுதோறும் பயிற்சி தரவேண்டும், மஞ்சள் காமாலை-பி, டெட்டனஸ் தடுப்பூசியும் போடவேண்டும் என்கின்றன. எல்லா மருத்துவமனைகளிலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் துப்புரவுப் பணியாளரின் கையைச் சட்டம் கண்ணெடுத்துப் பார்த்திருக்கிறது. வேதியியல் துறைக் கழிவைத் தூக்கும் கைக்கும் அந்தக் கவனிப்பு உரியது.

இந்தக் கல்வியாண்டில் பயிற்சிக்கு நாள் குறிக்கும் துறைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வரிசையில் கைடுகளை உட்காரவையுங்கள். பழுதான கருவியில் வேலை செய்ய மறுக்கும் மாணவருக்கு எந்தக் கெடுதலும் வராது என்பதை எழுத்தில் கொடுத்து, அதில் முதலில் நீங்கள் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அழையுங்கள். அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். அன்றைய கூலியைப் பிடிக்காமல் கொடுங்கள்.