வந்து செல்வோரின் உரிமை: நகர்ப்புறக் கடற்கரை குறித்த ஓர் அறவியல் நோக்கு

உடைமை பற்றிய வினா அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். நிலம் யாருக்குரியது, உழைப்பின் பயன் யாரைச் சேர வேண்டும் என்பன போன்றவற்றைச் சிந்தனையாளர் காலந்தோறும் ஆராய்ந்து வந்துள்ளனர். ஆயின், எவருக்கும் தனியுரிமை இல்லாததும் எல்லோரும் வந்து செல்வதுமான ஓர் இடத்தைப் பொறுத்தவரை, அங்கு வருவோருக்குள்ள உரிமை யாது, கடமை யாது என்ற வினா பெரும்பாலும் சட்ட வினாவாகவே கொள்ளப்படுகின்றது. அது சட்டத்தோடு முடிந்துவிடும் வினாவன்று. மக்கள் குடியிருப்பை அடுத்து, நகரத்தினுள்ளேயே அமைந்த ஒரு சிறு கடற்கரையை எடுத்து நோக்கின் இது தெளிவாகும்.

திருகோணமலை நகரம் உள்துறைமுகத்துக்கும் திறந்த கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது. கடலினுள் நீண்டு செல்லும் மலைமுனை ஒன்றின் உச்சியில் கோணேசர் கோயில் உள்ளது. அக்கோயிலுக்குச் செல்லும் வழி பிரெடரிக் கோட்டையினூடாகச் செல்கின்றது. இம்முனைக்கு வடக்கே ஒரு விரிகுடாவும் தெற்கே ஒரு விரிகுடாவும் உண்டு. தெற்கிலுள்ளது டச்சு விரிகுடா எனப்படும். அதன் கரை நீண்டதன்று. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து மீள அதிக நேரம் வேண்டியதில்லை. மாலை வேளையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாகிய நகரத்தார் இங்கு வருகின்றனர். பிள்ளைகள் அலையில் கால் நனைப்பர். முதியோர் மணலில் அமர்ந்திருப்பர். கச்சானும் சுண்டலும் விற்போர் கூட்டத்தினிடையே நடந்து செல்வர். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களும் இவர்களிடையே அச்சமின்றித் திரியும். கிழக்குக் கரையாதலின் இங்கு ஞாயிறு கடலில் மறைவதில்லை. நகரின் பின்புறத்தே மறைகின்றது. கடல் முதலில் இருள, மக்கள் ஒவ்வொருவராய் எழுந்து செல்வர். வந்தவர் எவரும் எதனையும் கொண்டு செல்வதில்லை. எதற்காக வந்தீர் என்ற வினாவுக்கு, சும்மா வந்தோம் என்பதன்றி வேறு விடை பெரும்பாலோரிடம் இல்லை.

இந்தச் 'சும்மா' என்னும் சொல் சிந்திக்கத்தக்கது. சந்தைக்குச் செல்பவன் வாங்கவோ விற்கவோ செல்கின்றான். கந்தோருக்குச் செல்பவனுக்கு அலுவல் உண்டு. கோயிலுக்குச் செல்பவன் வழிபடச் செல்கின்றான். இவ்விடங்களிலெல்லாம் ஒருவன் இருப்பதற்குக் காரணம் வேண்டும். காரணம் அற்றவன் ஐயத்துக்குரியவனாகின்றான். கடற்கரையோ காரணம் கேளாத இடமாகும். இவ்வியல்பு தமிழ் மரபுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, புகார் நகரத்துக் கடற்கரையில் இரவில் எரிந்த விளக்குகளைப் பட்டியலிடுகின்றது. பண்ணியம் விற்போர் விளக்கும் மீன் விற்போர் விளக்கும் வேற்றுமொழி பேசும் நாட்டினர் விளக்கும் அங்கு ஒருங்கே எரிகின்றன. நகரத்தினுள் தெருவாலும் தொழிலாலும் பிரிந்து வாழ்ந்தோர் கரையில் ஒரே மணலில் நிற்கின்றனர். அச்சமுதாயம் சமத்துவமுடையதாய் இருந்தது என்பது இதன் பொருளன்று. சமத்துவமற்ற சமுதாயமும் தன் எல்லையில் எல்லோரும் கூடும் ஓர் இடத்தை வைத்திருந்தது என்பதே கருதத்தக்கது.

மேலைச் சிந்தனையில் இதற்குச் சட்ட வடிவம் தந்தவர் உரோமர். கி.பி. 533 இல் ஜஸ்டீனியன் பேரரசன் வெளியிடச் செய்த சட்டப் பாடநூல், காற்று, ஓடும் நீர், கடல், அதன் வழியாகக் கடற்கரை ஆகியன இயற்கை விதிப்படி எல்லோருக்கும் பொதுவானவை எனக் கூறுகின்றது. உரோம-ஒல்லாந்தச் சட்டத்தினூடாக இக்கருத்தின் சாயல் இலங்கையையும் வந்தடைந்தது. இலங்கையின் 1981 ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையோர வலயத்தின் கட்டுப்பாட்டையும் முகாமையையும் குடியரசிடம் ஒப்படைத்தது. ஆயினும் பொதுப்பொருளைக் காப்பவன் அப்பொருளின் உடைமையாளன் ஆகிவிடுவதில்லை. இவ்வேறுபாடு மறக்கப்படும்போது விளைவன பின்னர் நோக்கப்படும்.

வருவோரின் உரிமையை அறவியலடிப்படையில் வரையறுத்தவர் இம்மானுவேல் காண்ட் எனலாம். நிலையான சமாதானம் பற்றி 1795 இல் அவர் வெளியிட்ட நூலில், அயலான் ஒருவனுக்கு விருந்தினனாக உபசரிக்கப்படும் உரிமை இல்லை. ஆயின் வந்து காணும் உரிமை உண்டு என்கின்றார். புவியின் மேற்பரப்பு மானிடர் அனைவருக்கும் பொதுவானது. அது உருண்டையாகையால் மனிதர் முடிவின்றி விலகிச் செல்ல இயலாது. எனவே ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளல் வேண்டும் என்பது அவர் காட்டும் நியாயம். அதே இடத்தில் ஐரோப்பிய வணிக நாடுகளை அவர் கண்டிக்கின்றார். பிற நாடுகளைக் காணச் செல்வதும் அவற்றை வெல்வதும் அந்நாடுகளுக்கு ஒன்றாகவே தோன்றின என்பது அவர் குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டுக்குத் திருகோணமலையினும் பொருத்தமான சான்று காண்டல் அரிது. 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். காண்டின் நூல் வெளிவந்த அதே 1795 இல் ஆங்கிலேயர் அதனை வென்றனர். கடல்வழி வந்தோர் வந்து காணும் உரிமையோடு நின்றாரல்லர், கரையைத் தமதாக்கினர். விரிகுடாவின் பெயரே அதற்குச் சாட்சியாகும். வந்து சென்றவன் தன் பெயரை விட்டுச் செல்வதில்லை, கைக்கொண்டவனே பெயரிடுகின்றான். இதிலிருந்து ஒரு வேறுபாடு பெறப்படுகின்றது. வருகை என்பது தனக்குப் பின் வருவோனுக்கும் அதே இடத்தை அதே நிலையில் விட்டுச் செல்லும் செயலாகும். அவ்வாறு விடாத வருகை, எத்துணைச் சிறியதாயினும், கைப்பற்றலின் சாயலுடையது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். எல்லோருக்கும் பொதுவானது எவராலும் பேணப்படுவதில்லை என்று அரிஸ்டோட்டில் தம் அரசியல் நூலில் வாதிடுகின்றார். 1968 இல் கரெற் ஹார்டின் பொதுநிலத்தின் அவலம் பற்றி எழுதிய கட்டுரையும் இக்கருத்தையே வலியுறுத்திற்று. டச்சு விரிகுடாக் கரையிலும் இதற்குச் சான்றில்லாமலில்லை. மாலையில் உண்போர் எறிந்துவிடும் பொலித்தீன் உறைகளை உணவின் மணத்தால் ஈர்க்கப்பட்ட மான்கள் தின்கின்றன. உறையை எறிந்தவன் மானைக் கொல்லக் கருதியவனல்லன். இது யாருடைய இடமுமன்று என்று கருதியவன், அவ்வளவே. எவருக்கும் உரியதன்று என்பதும் எல்லோருக்கும் உரியது என்பதும் ஒன்றென அவன் மயங்கினான். முன்னையது கடமையை நீக்குகின்றது. பின்னையதோ கடமையை ஒவ்வொருவர் மீதும் முழுமையாகச் சுமத்துகின்றது.

எனினும் அரிஸ்டோட்டிலின் தடையை முற்ற முடிந்த உண்மையாகக் கொள்ள வேண்டியதில்லை. இலங்கைக் கரையோரங்களின் கரைவலைத் தொழில் இதற்கு மறுமொழி தருகின்றது. ஒரே கரையில் பலர் வலை வளைக்க வேண்டியிருப்பதால், இன்னார் இன்ன வேளையில் இன்ன இடத்தில் வளைப்பது என்ற முறை மீனவரிடையே ஏற்பட்டது. தென்கரையிலுள்ள மாவெல்லைக் கிராமத்தின் முறையைப் போல் அலெக்சாண்டர் 1982 இல் வெளியான தம் நூலில் விரிவாக விளக்கினார். நல்ல வேளையும் நல்ல இடமும் ஒருவருக்கே நிலைத்துவிடாது எல்லோருக்கும் சுழன்று வரும் வகையில் அது வகுக்கப்பட்டிருந்தது. பொதுவளங்களை மக்கள் தாமே ஆளும் முறைகளை ஆராய்ந்து 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் தமது 1990 ஆம் ஆண்டு நூலில் இக்கிராமத்தை எடுத்தாண்டார். ஆயின் வெற்றிக்கு உதாரணமாக அன்று. புதிய வலைகள் சேர்வதைத் தடுக்கும் விதி இருந்தும் அது நடைமுறைப்படுத்தப்படாமையால், வலைகள் பெருகி ஒவ்வொருவர் பயனும் குறைந்தது. முறையை வகுக்கும் ஆற்றல் மக்களிடம் இருந்தது. அதனைக் காக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. பொதுமை தன்னியல்பாலேயே அழிவதில்லை. அதனைப் பேணுவோர் வலிமையிழக்கும்போதே அழிகின்றது.

மீனவரைக் குறிப்பிடுமிடத்து மற்றொரு வினாவும் எழுகின்றது. பொழுதுபோக்க வருவோனுக்கும் பிழைப்புக்காகக் கடலில் இறங்குவோனுக்கும் கரையில் உள்ள உரிமை ஒன்றா? காண்டின் வருகையுரிமை முன்னவனுக்குப் போதுமானது. பின்னவன் வருகையாளன் அல்லன். வள்ளம் நிறுத்தவும் வலை உலர்த்தவும் அவனுக்கு இடம் வேண்டும். காட்சியின் அழகு கருதி வலைகளையும் வாடிகளையும் அகற்ற முனைவது, ஓய்வின் உரிமையை உணவின் உரிமைக்கு மேலாக வைப்பதாகும். தேவை மிகுந்தவனுக்கு முன்னிடம் என்பதே பொதுமையின் நியாயம். உல்லாசப் பிரயாணத்துறை வளர்ந்துவரும் கரைகளில் இந்நியாயம் தலைகீழாதல் கண்கூடு. ஆங்கே பணம் கொடுத்தவன் வீட்டுக்காரனாகவும் தலைமுறையாய்த் தொழில் செய்தவன் அத்துமீறியவனாகவும் கருதப்படுகின்றனர்.

இனி, காரணம் கேளாமை என்னும் இயல்புக்கு மீளலாம். கடற்கரையில் எவரும் வினவப்படுவதில்லை என மேலே கூறப்பட்டது. அக்கூற்று எல்லோரையும் பொறுத்தவரை உண்மையன்று. தனியே அமர்ந்திருக்கும் பெண்ணை அருகே செல்வோர் பார்வையாலேயே வினவுகின்றனர். அதே மணலில் தனியே அமர்ந்திருக்கும் ஆடவனை எவரும் பொருட்படுத்துவதில்லை. இருள் சூழுமுன் அவள் எழுந்து செல்லுதல் வேண்டும். அவனுக்கு அவ்வாறான வேளை விதிக்கப்படவில்லை. எல்லோருக்கும் பொதுவான கரை, வேளையாலும் பாலாலும் இவ்வாறு பங்கிடப்பட்டு நிற்கின்றது. சட்டம் தராத தடையைச் சமுதாயம் தருகின்றது.

அதிகாரம் கேட்கும் வினா இதனினும் கொடியது. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்குக் கரைகள் பலவற்றில், ஒருவன் அங்கு நிற்பதே விளக்கம் வேண்டும் செயலாயிற்று. 2006 ஜனவரி 2 ஆம் நாள் மாலை, திருகோணமலைக் கடற்கரையோரத்தில் நண்பர்களோடு கூடியிருந்த தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தமையாலேயே இறந்தனர் என முதலில் கூறப்பட்டது. மருத்துவப் பரிசோதனையோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டிற்று. வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர், போதிய சான்றுகள் இல்லையென 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். இந்நிகழ்ச்சியின் அரசியல், சட்டப் பரிமாணங்கள் பலராலும் பேசப்பட்டவை. இக்கட்டுரைப் பொருளோடு தொடர்புடைய கூறு ஒன்று உண்டு. இளைஞர் மாலையில் கடற்கரைக்கு வருவதற்குக் காரணம் வேண்டியதில்லை. அவர்கள் இறந்த பின்னரும் அவர்களது வருகைக்கு ஒரு காரணம் கற்பிக்கப்பட்டது. சும்மா வந்தோம் என்ற விடை ஒரு சாராருக்கு ஏற்கப்பட்டு, மற்றொரு சாராருக்கு மறுக்கப்படுமாயின், அக்கரை பொதுக்கரையன்று. காவலன் உடைமையாளனாக மாறியதன் விளைவு இதுவே.

தொகுத்து நோக்குமிடத்து, கடற்கரை பற்றிய உரிமை உடைமையிலிருந்து பிறப்பதன்று என்பது புலனாகும். அது வருதலும் செல்லுதலும் சேர்ந்த உரிமை. இரண்டனுள் ஒன்று குறையின் மற்றதும் பொருளிழக்கும். வந்தவன் செல்லாது நிலைத்துக் கரையைத் தனதாக்கின் அது கைப்பற்றல்; வந்தவன் உயிரோடு மீளமுடியாதாயின் அது கொடுங்கோன்மை. ஆகவே ஒரு நகரத்தின் அறநிலையை அறிய அதன் நீதிமன்றங்களையும் ஆலயங்களையும் மட்டும் நோக்குதல் போதாது. அதன் சிறு கடற்கரைக்கு மாலையில் செல்லுதல் வேண்டும். அங்கு எல்லா இனத்தாரும், ஆடவரும் பெண்டிரும், காரணம் கூறாது அமர இயலுகின்றதா, மீனவனின் வலைக்கு இடம் எஞ்சியுள்ளதா, இன்று வந்தோர் நாளை வருவோருக்கு மணலைத் தூய்மையாய் விட்டுச் செல்கின்றனரா என்பவற்றைக் காணுதல் வேண்டும். இவற்றைச் சட்டம் ஓரளவே தரவல்லது. எஞ்சியதைத் தரவேண்டியவர் அங்கு வந்து செல்வோரேயாவர்.