அன்பும் முறையும்

உயிரானது தான் சார்ந்த பொருளின் வண்ணமாய் நிற்கும் இயல்பிற்று என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. இருளோடு கூடியவழி இருளாயும் ஒளியோடு கூடியவழி ஒளியாயும் நிற்கும் கண்ணினைப் போல, உயிரும் பாசத்தைச் சார்ந்தவழிப் பாசமாயும் பதியைச் சார்ந்தவழிச் சிவமாயும் விளங்குமென ஆசிரியர்கள் அறிவுறுத்தினர். ஆகலின், ஒருவன் யாரிடத்து அன்பு வைக்கின்றான், அவ்வன்பை எவ்வாறு நடத்துகின்றான் என்பன சிறு செய்திகளல்ல. அவை அவன் உயிரின் நிறத்தையே ஆக்குவனவாம்.

இக்காலத்து மக்களுட் பெரும்பாலார், தம்முட் சிறந்த திறலுடைய விளையாட்டு வீரரிடத்து மிக்க பற்றுடையராயிருத்தல் கண்கூடு. திறலைக் கண்டு வியத்தல் குற்றமன்று. திறலெல்லாம் திருவருளின் கொடையே யாகலின். அவ்வாறு வியக்கப்பட்ட ஒருவர் மதுவுண்டு வண்டி செலுத்திக் காவலராற் பிடிக்கப்படுவாராயின், அவரை நேசித்தோர் செய்யத்தக்கது யாது? அவர்க்காக வழக்காடுதலோ? அவரை இகழ்ந்து நீக்குதலோ? இவ்வினா விளையாட்டைப் பற்றியதுபோலத் தோன்றினும், உண்மையில் அன்பிற்கும் அறத்திற்கும் உள்ள தொடர்பு பற்றிய வினாவேயாம்.

இதற்கு அண்மைக்காலத்து நிகழ்ச்சியொன்று எடுத்துக்காட்டாகும். ஈழநாட்டுக் கிரிக்கெட்டுக் குழுவின் தலைவராயிருந்த திமுத்து கருணாரத்தின என்பார், 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தென்னாப்பிரிக்க நாட்டிற்குத் தம் குழுவை நடத்திச் சென்று, இரண்டு டெஸ்ட்டுப் போட்டிகளிலும் வென்றார். அந்நாட்டில் டெஸ்ட்டுத் தொடரொன்றை வென்ற முதல் ஆசியக் குழு அதுவே. அப்புகழ் அடங்குமுன், அவ்வாண்டு மார்ச்சு 31-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கொழும்பு நகரத்துப் பொரளைப் பகுதியில் அவர் செலுத்திய மோட்டார் வண்டி முச்சக்கர வண்டியொன்றோடு மோதிற்று. அதன் ஓட்டுநர் காயமுற்று மருத்துவமனை சேர்ந்தார். மதுவுண்டு வண்டி செலுத்திய குற்றத்திற்காகக் கருணாரத்தின கைதாகிப் பின்னர்ப் பிணையில் விடப்பட்டார். கிரிக்கெட்டு நிறுவனத்தார் அவர்க்கு 7,500 அமெரிக்க டாலர் தண்டம் விதித்தனர். ஏப்பிரல் 17-ஆம் நாள் அந்நிறுவனத்தாரே அவரை உலகக் கோப்பைப் போட்டிக்குரிய குழுவிற்குத் தலைவராக்கினர். கைதிற்கும் அப்பதவிக்கும் இடையே கழிந்த நாட்கள் பதினேழு.

மற்றொரு நிகழ்ச்சியும் ஒப்புநோக்கத் தக்கது. 1993-ஆம் ஆண்டில் அடுத்தடுத்த இரண்டு டெஸ்ட்டுப் போட்டிகளில் இரட்டைச் சதம் அடித்துப் பாரதமெங்கும் கொண்டாடப்பட்டவர் வினோத் காம்ப்ளி. அவர் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள், மும்பை மாநகரத்துப் பாந்திராவில், தாம் குடியிருந்த மனைத்தொகுதியின் வாயிலில் வண்டியை மோதியமைக்காகக் கைதாகிப் பிணையில் விடப்பட்டார். அவரும் மதுவுண்டிருந்தார் என்பதே குற்றச்சாட்டு.

இத்தகைய செய்திகள் வெளிவரும்பொழுது உலகத்தார் உரைக்கும் உரைகள் பெரும்பாலும் இருவகைப்படும். "இளமையில் யார்தாம் தவறாதார்? நாட்டிற்கு வெற்றி தேடித் தந்தவரை இச்சிறு பிழைக்காக வருத்தலாமோ?" என்பது ஒருவகை. "இவரையோ தலைமேற் கொண்டாடினோம்! இனி இவர் முகத்தில் விழித்தலும் ஆகாது" என்பது மற்றொருவகை. கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். வீரர் இன்னும் வெற்றி தரவல்லராயின் முதல்வகை உரை மிகும். அவர் ஆடுதலொழிந்து புகழ் குன்றியவராயின் எள்ளலும் நகையுமே மிகும். குற்றம் ஒன்றாகவும் தீர்ப்பு வேறாகின்றது. குற்றத்தை நோக்கியன்றிப் பயனை நோக்கியே தீர்ப்பு எழுந்தமையின் அவ்வேறுபாடு உண்டாயிற்று. பயன் உள்ளவிடத்து நின்று, பயன் ஒழிந்தவிடத்து நீங்குவதனை அன்பென வழங்குதல் யாங்ஙனம் பொருந்தும்?

சித்தாந்த நெறியால் ஆராயின் இருவகை உரைகளுக்கும் வேர் ஒன்றே. அஃது ஆணவத்தின் காரியமாகிய யான் எனது என்னும் செருக்காம். "என் வீரன், என் நாடு, என் வெற்றி" என்று பற்றினவன், அவ்வீரன் குறைபடின் தானே குறைபட்டதாகக் கருதிக் குற்றத்தை மறைக்க முற்படுகின்றான். "யான் போற்றியவன் எனக்கு நாணம் தேடித் தந்தான்" என வெகுள்பவனோ, தன் செருக்குப் புண்பட்டமைக்குப் பழிவாங்குகின்றான். முன்னவன் காப்பதும் பின்னவன் வருந்துவதும் தம் தம் செருக்கிற்கேயன்றிப் பிறிதொன்றிற்கு அல்ல.

இதற்குச் சான்று வேறு வேண்டா. இருவர் உரையிலும் முச்சக்கர வண்டியின் ஓட்டுநர் எங்கே உளர் என்று வினவுக. புலருமுன் பிழைப்பின்பொருட்டுத் தெருவில் வந்து காயமுற்றவர் அவர். வீரரின் புகழையும் பழியையும் பலவாறு பேசுவார் அவர் நலத்தை வினவுதல் அரிது. அடியுண்ட உயிரை மறந்த பேச்சு, காப்பதாயினும் கடிவதாயினும், அறத்தின் பேச்சு ஆகமாட்டாது.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பில் மனுநீதிச் சோழர் வரலாற்றை அமைத்தது இவ்வுண்மையை நாட்டுதற்கே எனலாம். அரசிளங்குமரன் வீதிவிடங்கன் தேரூர்ந்து செல்லுங்கால், ஆன்கன்றொன்று துள்ளிப் புகுந்து தேர்க்காலில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சி மணியைக் கோட்டினால் அசைத்தது. அமைச்சர் கழுவாய் செய்தலே அமையுமென்றனர். அரசரோ, பிறனொருவன் ஓருயிரைக் கொன்றால் அவனைக் கொல்விக்கும் தாம், தம் மகன் செய்ததற்குக் கழுவாய் கூறி அமைதல் முறையன்றென்று அவ்வுரையை மறுத்தார். கொலைக்குக் கொலை செய்க என்பது ஈண்டுக் கொள்ளத்தக்க பொருளன்று. தம்மவர்க்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதி என்பது இல்லை என்பதே கொள்ளத்தக்க பொருளாம். அரசர்க்கு அவன் ஒருமகன், அன்பிற்குக் குறைவில்லை. ஆயினும் மணியோசை செவியிற்பட்டவுடன் அவர் முதற்கண் நோக்கியது மகனையன்று, பசுவின் துயரையே. இக்காலத்து அபிமானிகளிடத்துக் காணப்படாதது இந்நோக்கமே.

ஈண்டு ஒரு தடை நிகழும். "மதுவுண்டான் அறிவு மயங்கினவன், மயங்கினவன் செயலுக்குக் கருத்தில்லை, கருத்தில்லாத செயலைக் குற்றமென்றல் எவ்வாறு?" எனின், கூறுதும். மயக்கம் தானே வந்ததன்று. அறிவுடைய பொழுதில் அறிந்தே வரவழைக்கப்பட்டது அது. கிண்ணத்தை எடுத்தபொழுதும், வண்டியோடு வந்திருத்தலை அறிந்தே மீண்டும் எடுத்தபொழுதும் அறிவு இருந்தது. வினை விதைக்கப்பட்டது அப்பொழுதே. தெருவில் நிகழ்ந்தது அதன் விளைவு. திருவள்ளுவனார் கள்ளுண்ணாமைக்கென ஓரதிகாரம் வகுத்ததும் இம்மயக்கத்தின் கேடு கருதியே. அரசிளங்குமரன் மதுவுண்டானல்லன், கன்று புகுந்தமை அவன் கருதாத நிகழ்ச்சி. அவனையே முறை விடாதாயின், அறிவைத் தானே விற்றவனை விடுமோ?

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டமும் இந்நியாயத்தையே தழுவியது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேற்பட்ட மதுவோடு வண்டி செலுத்துதலையே குற்றமாக்குகின்றது. எவரும் காயமுறும் வரையில் அது காத்திருப்பதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதற்குற்றத்திற்கு ஆறு திங்கள் வரை சிறையேனும், 10,000 ரூபாய் தண்டமேனும், இரண்டுமேனும் விதிக்கலாகும். 2022-ஆம் ஆண்டில் பாரத நாட்டுச் சாலைகளில் மாண்டவர் தொகை 1,68,491 என அரசினர் கணக்குக் கூறுகின்றது. அத்துணையும் மதுவினால் நேர்ந்தனவல்ல. எனினும், சாலையிற் செலுத்தப்படும் வண்டி எத்துணை எளிதில் உயிர்கவரும் என்பதற்கு அத்தொகை போதிய சான்றாம்.

இனி மற்றொரு தடை. "முறை இவ்வாறாயின் அன்பை அறுத்துவிடுதலே தக்கதன்றோ?" எனின், அன்று. தொண்டைநாட்டுத் தலமாகிய திருக்கச்சூரை நினைவுகூர்க. செங்கற்பட்டிற்கு அணித்தாயுள்ள அத்தலத்தில், நண்பகற்போதில் பசியோடிருந்த நம்பியாரூரர்பொருட்டு, இறைவன் அந்தணராய் ஓடேந்தி, வெயிலில் மனைதோறும் சென்று சோறிரந்து ஊட்டியருளினான். தோழர்பொருட்டுப் பிச்சையெடுக்கவும் நாணாத அன்பு அது. பின்னர்த் திருவொற்றியூரில், சங்கிலியாரைப் பிரியேன் என்று செய்த சூளை மறந்து எல்லை கடந்தபொழுது, அத்தோழரின் கண்ணொளியை மறைத்தவனும் அவ்விறைவனே. தோழரென்று சூளுறவைப் பொய்யாக்கவில்லை. சூள் தவறினாரென்று தோழமையை அறுக்கவுமில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஈந்தான். காஞ்சியில் ஒரு கண்ணையும் ஆரூரில் மற்றொரு கண்ணையும் அளித்தான்.

கச்சூரில் நிகழ்ந்தது அறக்கருணை. ஒற்றியூரில் நிகழ்ந்தது மறக்கருணை. பெயர் இரண்டாயினும் கருணை ஒன்றே. மகவின் நோய் தீர்க்க மருந்து புகட்டும் தாய், மகவு அழுகின்றதென்று மருந்தைக் கொட்டிவிடுவாளல்லள். மகவு நோயுற்றதென்று அதனைத் தெருவில் எறிவாளுமல்லள். குற்றத்தை மறைப்பவர் மருந்தைக் கொட்டுவார்; குற்றவாளியை இகழ்ந்து நீக்குவார் மகவை எறிவார். இருவரும் அன்பின் இலக்கணம் அறியாதாரே.

இதற்குச் சித்தாந்தம் தரும் காரணம் திட்பமுடையது. செம்பினிற் களிம்புபோல உயிரில் மலம் உளது. களிம்பு செம்பை மறைப்பினும் செம்பே களிம்பு ஆகாது. அவ்வாறே குற்றம் உயிரைப் பற்றி நிற்பினும் உயிரே குற்றம் ஆவதில்லை. களிம்பை இல்லையென்பான் செம்பைத் துலக்கான். செம்பே களிம்பென்பானும் துலக்கான். இரண்டையும் வேறறிந்தவனே துலக்குதற்குரியன். ஆகலின், பிழைத்த வீரர் மன்றத்தின் முன் நின்று, தண்டத்தை ஏற்று, காயமுற்றார்க்கு உற்ற குறையை நிறைத்து, மீண்டும் தம் தொழிலில் நிற்பாராயின், அவரை வாழ்த்துதல் அறத்திற்கு மாறன்று. ஆட்டத்தின் தேவை கருதித் தண்டத்தைக் குறைக்க வேண்டுதலே மாறாம். கருணாரத்தின 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் காலியிற் தம் நூறாவது டெஸ்ட்டை ஆடி ஓய்வுற்றார். அந்நூறும் மெய்யே, பொரளையின் விடியற்காலையும் மெய்யே. ஒன்றால் மற்றொன்றை அழியாது இரண்டையும் நினைத்தலே மெய்யன்பர் கடன்.

இவ்வாராய்ச்சி ஈழத்தோடும் மும்பையோடும் நின்றுவிடுவதன்று. சென்னையினின்றும் மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இவ்வினா நாடோறும் எழுகின்றது. அச்சாலையின் ஒருபுறம் கடல்; கரைநெடுக மீனவர் குப்பங்கள். விடியுமுன் வலையோடு சாலை கடப்பாரும், மீன்கூடை சுமந்து பேருந்திற்கு நிற்பாரும், திருப்போரூர்க்கும் திருக்கழுக்குன்றத்திற்கும் கால்நடையாய்ச் செல்லும் அடியாரும் ஆண்டு உளர். விடுமுறை நாட்களிற் களியாட்டயர்ந்து மீளும் இளைஞர் வண்டியை வீரரொருவர் செலுத்த வேண்டுவதில்லை. யாவரேனும் ஒருவருடைய தோழர் செலுத்துவர். அவருடன் இருப்போர் செய்யத்தக்கது யாது? பின்னர்க் காவல் நிலையத்தில் வழக்காடுதல் அன்பன்று. அவர் சினந்தாலும், நட்பே முறிவதாயினும், முன்னரே திறவுகோலை வாங்கிக்கொள்ளுதலே அன்பு. அச்சினத்தைப் பொறுத்தல், தோழன்பொருட்டு வெயிலிற் சோறிரத்தலுக்கு ஒப்பான தொண்டாம்.

செங்கற்பட்டிற்குத் தெற்கேயுள்ள அச்சிறுபாக்கத்தின் தலவரலாறு, முப்புரமெரிக்க எழுந்த இறைவனின் தேரச்சே, விநாயகரை முன்னர் வழிபடாமையால், அவ்விடத்து இற்றதென்று கூறும். முறைக்கு மேற்பட்டவனாகிய இறைவனே தான் வகுத்த முறைக்குத் தன் தேரையும் உட்படுத்திக் காட்டினான் என்பது அதன் உட்கிடை. அங்ஙனமாக, மக்களுள் ஒருவர் ஏறிச்செல்லும் தேருக்கு முறை வேண்டா எனக் கூறும் அபிமானம் யாவர்பொருட்டு எழினும் அபிமானமேயன்றி அன்பாகாது. அன்பே சிவமாதலின், சிவத்தின் இயல்பாகிய முறையை விட்டு அன்பு தனித்து நில்லாது என்க.

சிவம்.